பூமியின் சுழற்சியை அளப்போருக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: பூமியின் சுழற்சியை அளந்து உலகுக்கு அறிவிக்கும் சர்வதேசச் சேவையைச் சேர்ந்த அறிவியலாளர்கள் அனைவரும், பாரிஸ் வானாய்வகம் மற்றும் பிராங்பேர்ட் மத்திய பணியகம்.

பெருமதிப்பிற்குரியீர்,

நான் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடற்கரைத் தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள தொடர்மாடிக் கட்டடமொன்றின் நான்காம் தளத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். மின்சாரத்துக்கு ஒரு சபை, தண்ணீருக்கு ஒரு சபை, துறைமுகத்துக்கு ஓர் அதிகாரசபை என்று எதற்கும் ஓர் அலுவலகம் இருப்பதைப் பார்த்துப் பழகிய எங்கள் வீட்டாருக்கு, பூமி ஒழுங்காகச் சுழல்கிறதா என்று நாள்தோறும் அளந்து பதிவதற்கும் ஓர் அலுவலகம் உண்டு என்று நான் சொன்னபோது முதலில் ஒருவரும் நம்பவில்லை. நம்பிய பிறகு என் மனைவி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “சுழற்சி நின்றுபோனால் எந்த இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும்?” உங்கள் சேவை நிறுவப்பட்ட ஆண்டு 1987 என்றும், எங்கள் மின்சார சபையின் முறைப்பாட்டு இலக்கமும் 1987 தான் என்றும் நான் சொல்லப்போக, அது தற்செயல் என்பதை ஏற்க அவர் இன்றுவரை மறுத்து வருகிறார்.

இந்த மடலில் முறைப்பாடு எதுவும் இல்லை. உலகின் கடிகாரத்தில் அவ்வப்போது ஒரு செக்கனைச் செருகும், நீங்கள் 2035ஆம் ஆண்டுக்குள் கைவிடவிருக்கும் வழக்கம் தொடர்பாக, இந்த நகரத்திலிருந்து ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்க வேண்டியிருக்கிறது. அந்த வேண்டுகோள் எங்கிருந்து பிறந்தது என்பதை நீங்கள் அறிய வேண்டுமானால், எங்கள் வீட்டில் ஒரு சீ.ஆர். கொப்பி இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். பூமி சுழல்வது பற்றி உறவினரும் அயலவரும் என்னிடம் கேட்ட கேள்விகளை, பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பல ஆண்டுகளாக அதில் எழுதி வருகிறேன். உங்கள் அறிக்கைகள் செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு, பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்று பேசுகின்றன. அதே சுழற்சியைப் பற்றி எங்கள் தெருவில் கேட்கப்படும் கேள்விகள் பஸ், தங்கம், காகம், இராகுகாலம் ஆகியவை பற்றியவை.

முதற் பக்கத்துக் கேள்வி என் பேத்தியுடையது. பூமியின் நடுக்கோட்டில் உள்ள ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கு நோக்கிக் கொண்டுசெல்லப்படுகிறார் என்று நான் சொல்லிக்கொடுத்த அன்று நாங்கள் இருவரும் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தோம். பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது. “அப்பப்பா, இவ்வளவு வேகத்தில் போகிறோம் என்றால் ஏன் இன்னும் பம்பலப்பிட்டி வரவில்லை?” என்று அவள் கேட்டாள். பம்பலப்பிட்டியும் அதே வேகத்தில் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே சரியான பதில். அவ்வளவு வேகம் ஏன் உடலுக்குத் தெரிவதில்லை என்ற அடுத்த கேள்விக்கு அந்த பஸ்ஸே விளக்கம் தந்தது. சாரதி ஒரே சீராக ஓட்டும்வரை ஒருவரும் கம்பியைப் பிடிப்பதில்லை, அவர் திடீரென்று நிறுத்தும்போதுதான் பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரின் தோளில் விழுகிறார். நமது உடல் உணர்வது வேகத்தை அன்று, வேகத்தின் மாற்றத்தையே. பூமி என்னும் சாரதி பிரேக் பிடிக்கும் பழக்கம் இல்லாதவர், வளைவிலும் மிக மெதுவாகத் திரும்புபவர். ஒரு முழு வட்டத்துக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்கிறார்.

இதே பக்கத்தின் ஓரத்தில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்காக நான் செய்த கணக்கொன்று இருக்கிறது. கொழும்பு நடுக்கோட்டிலிருந்து 7 பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. பருத்தித்துறை 10 பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. வடக்கே போகப் போக, ஒரே நாளில் சுற்றி முடிக்க வேண்டிய வட்டம் சிறிதாகிறது. ஆகவே கொழும்பில் குடியிருப்பவர் பருத்தித்துறையில் குடியிருப்பவரைவிட மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றர் அதிக வேகத்தில் கிழக்கே பறந்துகொண்டிருக்கிறார். “கொழும்புக்குப் போனவர்கள் எல்லாரும் எந்நேரமும் அவசரத்திலேயே இருக்கிறீர்கள்” என்று அந்த நண்பர் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததற்கு, அவருக்குக் கிடைத்த முதல் பௌதிக ஆதாரம் அதுதான்.

கொப்பியில் அதிகம் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஹெலிகொப்டர் பற்றியது. மேலே எழும்பி அசையாமல் நின்றால், பூமி கீழே சுழன்று, வேண்டிய ஊர் தானாக வந்து சேராதா? எங்கள் மாடியின் காவலாளியும் கேட்டார், லண்டனில் பிள்ளைகள் உள்ள மாமி ஒருவரும் விமானச் சீட்டின் விலையை முன்னிட்டுக் கேட்டார். காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதாலும், எழும்பும் ஹெலிகொப்டர் தரையில் இருந்தபோது பெற்ற கிழக்கு வேகத்தை உதறிவிட்டு எழும்புவதில்லை என்பதாலும் அது நடவாது. நடந்தாலும் மாமிக்குப் பயன் இல்லை. கொழும்பிலிருந்து நேர் மேற்கே போகும் கோட்டில் லண்டன் இல்லை. இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் கீழே வருவது சோமாலியாவின் கரை.

இந்தக் கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். ஆறாம் நூற்றாண்டில் உச்சயினியில் இருந்த வராகமிகிரர், பூமி சுழல்வதென்றால் வானில் பறக்கும் பறவைகள் தமது கூடுகளுக்கு எப்படித் திரும்பும் என்று இதே கேள்வியைத்தான் கேட்டார். காலிமுகத்திடலில் பொரித்த இறாலுக்காகக் காத்திருக்கும் காகங்கள் ஒவ்வொரு மாலையும் தவறாமல் தமது மரங்களுக்குத் திரும்பி அவருக்குப் பதில் சொல்லி வருகின்றன. அவருக்கு முன்னரே, 499ஆம் ஆண்டில் ஆரியபடர் தமது நூலில் பூமியே சுழல்கிறது என்று எழுதி, அதற்கு ஓர் ஓடத்தை உவமை காட்டியிருந்தார். முன்னோக்கிச் செல்லும் ஓடத்தில் இருப்பவருக்குக் கரையில் அசையாதிருக்கும் பொருட்கள் பின்னோக்கிச் செல்வது போலத் தோன்றுவதுபோல, அசையாத விண்மீன்கள் இலங்கையில் உள்ளோருக்கு நேராக மேற்கே செல்வதாகத் தோன்றுகின்றன என்பது அவருடைய கூற்று. எங்கள் தீவின் பெயர் வருகிறதே என்று பெருமைப்பட்டுப் பேச எழுந்த ஒருவரை நான் ஒரு கூட்டத்தில் உட்கார வைத்திருக்கிறேன். ஆரியபடரின் இலங்கை என்பது உச்சயினியின் நேர்கோடு பூமியின் நடுக்கோட்டை வெட்டும் ஒரு கணிதப் புள்ளி. நாங்கள் வாழும் தீவு அதற்குக் கிழக்கிலும் வடக்கிலும் இருக்கிறது. அந்த உண்மையைச் சொன்ன பிறகு எனக்குத் தேநீர் தாமதமாகவே வந்தது.

ஒஸ்லோவில் இருக்கும் என் மச்சாள் கேட்டது தங்கம் பற்றிய கேள்வி. அவர் செட்டியார் தெருவில் பத்துப் பவுணில் தாலிக்கொடி செய்வித்து, புறக்கோட்டையில் வாங்கிய சிறிய மின்னணுத் தராசில் வைத்து 80 கிராம் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அதே தராசையும் பெட்டியில் வைத்து நோர்வேக்குக் கொண்டுபோனார். அங்கே நிறுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ மூன்றிலொரு கிராம் அதிகமாகக் காட்டியது. நகைக்கடைக்காரர் கூடப் போட்டுத் தந்த வரலாறு எங்கள் பரம்பரையில் இல்லாததால் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். காரணம் உங்கள் துறையைச் சேர்ந்தது. சுழற்சியினால் நடுக்கோட்டை அண்டிய இடங்களில் பொருட்கள் வெளிநோக்கி எறியப்படும் போக்கு உண்டு. அதே சுழற்சி பூமியின் இடுப்பைப் பெருக்க வைத்திருப்பதால் நாங்கள் பூமியின் மையத்திலிருந்து நோர்வேக்காரரைவிடச் சற்று விலகியும் இருக்கிறோம். இரண்டும் சேர்ந்து, துருவத்தில் இருப்பதைவிட நடுக்கோட்டில் எடை ஏறத்தாழ அரை வீதம் குறைகிறது. மின்னணுத் தராசு அளப்பது பொருள் கீழே அழுத்தும் விசையை. தங்கம் கூடவில்லை, குறையவுமில்லை. இரண்டு தட்டுள்ள பழைய தராசாக இருந்திருந்தால் படிக்கல்லும் அதே அளவு பாரம் கூடியிருக்கும், இந்தத் தொலைபேசி அழைப்பும் வந்திராது. உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் நடுக்கோட்டை நோக்கி வரலாம் என்று இதற்குக் கீழே யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து என் மருமகனுடையது.

கைகழுவும் தொட்டியில் தண்ணீர் எந்தப் பக்கமாகச் சுழன்று இறங்கும் என்ற கேள்விக்கு நான் அரைப் பக்கமே ஒதுக்கினேன். அது தொட்டியின் வடிவத்தையும் குழாயைத் திறந்த விதத்தையும் பொறுத்தது. பூமியின் கை அதில் தெரிய வேண்டுமானால் 1962இல் அமெரிக்காவில் ஷபிரோ என்பவர் செய்ததுபோல ஆறடி அகலத் தொட்டியில் தண்ணீரை ஒரு முழு நாள் அசையாமல் விட்டுவைக்க வேண்டும். வெள்ளவத்தையில் தண்ணீரை அவ்வாறு ஒரு நாள் விட்டுவைக்க எந்த வீட்டாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் தொட்டியில் தெரியாத அந்தத் திருப்பும் விசை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலமுள்ள காற்றில் நன்றாகவே தெரியும். நடுக்கோட்டுக்கு மிக அண்மையில் அது அற்றுப்போவதால் அங்கே சூறாவளிகள் உருவாவது மிக அரிது. எங்கள் தீவோ அந்தப் பாதுகாப்பான பட்டைக்குச் சற்று வெளியே கிடக்கிறது. 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை நேரில் கண்ட என் மாமனாருக்குப் பூமி எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை எவரும் படம் வரைந்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

பூமி சுழல்கிறது என்பதைக் கண்ணால் காட்டு என்று பேத்தி ஒருமுறை பிடிவாதம் பிடித்தாள். உங்கள் நகரத்தவர்களுக்கு அது எளிது. 1851இல் பூக்கோ என்பவர் பாரிஸின் பந்தியோன் மண்டபத்தில் 67 மீற்றர் நீளக் கம்பியில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினார். அங்கே ஊசலின் தளம் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப ஏறத்தாழ 32 மணி நேரம் போதும். அதே ஊசலைக் கொழும்பில் தொங்கவிட்டால் ஒரு சுற்றுக்கு எட்டு நாளுக்கும் மேலாகும் என்று கணக்கிட்டுக் கண்டேன். எல்லா வேலைகளும் இங்கே சற்று ஆறுதலாகத்தான் நடக்கும் என்பதை நாம் அறிவோம். ஊசலுமா என்று மனைவி கேட்டார்.

ஆகவே நாங்கள் கடலைப் பயன்படுத்தினோம். சிறிய தூரமே நடந்தால் வரும் மணற்பரப்பில், மாசி மாதத்து முகிலற்ற மாலையொன்றில், சூரியனின் கடைசிப் பொட்டு மறையும் கணத்துக்காக நான் மணலில் முகத்தைத் தரையோடு தாழ்த்திப் படுத்துக்கொண்டேன். பேத்தி என்னருகே நிமிர்ந்து நின்றாள். எனக்கு மறைந்த கணத்தில் நான் “போச்சு” என்று சத்தமிட வேண்டும். அவள் அந்தக் கணத்திலிருந்து தன் கண்ணுக்கு மறையும்வரை எண்ண வேண்டும். முதல் நாள் நான் சத்தமிட்ட அதே நேரத்தில் மருதானைக்குப் போகும் புகையிரதம் எங்கள் முதுகுக்குப் பின்னால் கூவிக்கொண்டு போனது. இரண்டாம் நாள் தொடுவானில் கப்பலொன்று நின்றது. மூன்றாம் நாள், தரையில் கிடக்கும் முதியவரைக் கண்டு பதறிய இரண்டு இளைஞர்கள் சோடாவுடன் ஓடி வந்தார்கள். நான்காம் நாள்தான் அவள் ஐந்துவரை எண்ணினாள். படுத்திருந்த என் கண்ணுக்கும் நின்றிருந்த அவள் கண்ணுக்கும் இடைப்பட்ட ஒன்றேகால் மீற்றர் உயரத்தை, பூமி எங்கள் இருவரையும் கிழக்கே சரித்துக்கொண்டே ஐந்து செக்கனில் கடந்திருந்தது. சூரியன் இறங்கவில்லை, நாங்கள்தான் பின்புறமாகச் சாய்கிறோம் என்று அவள் அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டவுடன் மணலில் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டாள். இந்தக் கணக்கைத் தாமரைக் கோபுரத்துக்கு விரித்தால், தரையில் சூரியன் மறைந்த பிறகும் இருநூறு மீற்றருக்கு மேலே நிற்பவருக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் அது தெரியும். நோன்பு காலத்தில் அங்கே மேலே நிற்பவர் எப்போது நோன்பு திறப்பது என்று எங்கள் கீழ்த்தளத்து நண்பர் கேட்டார். துபாயின் மிக உயர்ந்த கட்டடத்தில் மேல்மாடிகளில் இருப்போர் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துத் திறக்க வேண்டும் என்று அங்குள்ள மார்க்க அறிஞர் 2011இல் சொன்னதை அவருக்கு எடுத்துக் காட்டினேன்.

ஒரு நாள் என்பது எவ்வளவு என்ற கேள்விக்கு வருகிறேன். விண்மீன்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு சுற்றை 23 மணி 56 நிமிடம் 4 செக்கனில் முடித்துவிடுகிறது. சூரியனைச் சுற்றியும் அது நகர்வதால், சூரியனை மீண்டும் அதே இடத்தில் காண இன்னும் நான்கு நிமிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. எங்கள் கூரைகளில் உள்ள தொலைக்காட்சிக் கிண்ணங்கள் வானத்தின் ஒரே புள்ளியை நோக்கியபடி ஆண்டுக்கணக்காக அசையாதிருப்பது இந்த முதல் கணக்கின் தயவால்தான். 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதி அதே கால அளவில் பூமியைச் சுற்றிவரும் என்பதையும், அதை ஒலிபரப்புக்குப் பயன்படுத்தலாம் என்பதையும் 1945இல் எழுதிய ஆதர் சி. கிளார்க், பின்னர் எங்கள் கொழும்பிலேயே குடியேறி 2008இல் இங்கேயே மறைந்தார்.

அந்தச் சுற்றும் ஒரே சீரானதன்று என்பதை உங்களைவிட அறிந்தவர் இல்லை. சந்திரன் எழுப்பும் வற்றுப்பெருக்கின் உராய்வு பூமிக்கு மெல்லப் பிரேக் பிடிக்கிறது. நூறாண்டுக்கு ஒரு நாளின் நீளம் இரண்டு மில்லிசெக்கனுக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது. அதற்கு ஈடாகச் சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகிப் போகிறது. நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முந்திய பவளப் பாறைகளின் வளர்ச்சி வரிகளை எண்ணியவர்கள் அக்காலத்து ஆண்டொன்றில் ஏறத்தாழ 400 நாட்கள் இருந்ததாகக் கண்டார்கள். நாளொன்றுக்கு இருபத்திரண்டு மணி நேரமே. காற்றோட்டம் மாறினாலும், உட்கருவின் திரவம் புரண்டாலும், துருவப் பனி உருகி நீர் நடுக்கோட்டை நோக்கி வந்தாலும் அந்த நீளம் மாறுகிறது. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள குவேசர்கள் என்னும் மிகப் பிரகாசமான வான்பொருட்களைப் பல கண்டங்களின் வானொலித் தொலைநோக்கிகளால் ஒரே நேரத்தில் பார்த்து, இதை ஒரு மில்லிசெக்கனின் சிறு பங்குவரை நீங்கள் அளந்து வைத்திருக்கிறீர்கள்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தட்டு முறிந்தபோது நாளின் நீளம் 2.68 மைக்ரோசெக்கன் குறைந்திருக்க வேண்டும் என்று நாசா அறிவியலாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த எண்ணைக் கொப்பியில் எழுதினேன். எங்கள் சன்னலுக்குக் கீழே ஓடும் இதே கரையோரப் பாதையில், கொழும்பிலிருந்து புறப்பட்ட புகையிரதம் அன்று பெரலியவில் அலைக்குள் அகப்பட்டது. அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.

இனி என் வேண்டுகோள். அணுக்கடிகாரத்தின் செக்கன் 1967இல் நிலையாக வரையறுக்கப்பட்டது. பூமி அதற்குப் பின்தங்கும்போதெல்லாம், இரண்டுக்கும் இடைவெளி 0.9 செக்கனைத் தாண்டாதபடி, 1972 முதல் 27 தடவைகள் உலகின் கடிகாரத்தில் ஒரு செக்கனைச் செருகியிருக்கிறீர்கள். அதைச் செருகுவது கிறீன்விச் நள்ளிரவில் என்பதால், டிசம்பர் முடிவில் வரும்போது லண்டன்காரர் புத்தாண்டுக் கொண்டாட்டத்தின் நடுவே, விழித்த கண்ணோடு அதைப் பெறுகிறார். கொழும்பில் அது விடியற்காலை ஐந்தரைக்கு வருகிறது. 5:29:59க்குப் பிறகு 5:29:60 என்று ஒரு முறை காட்டிவிட்டுத்தான் கடிகாரம் 5:30க்குப் போக வேண்டும். கடைசியாக அது வந்தது 2017 ஜனவரி முதலாம் திகதி. நான் உறங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் 2009, 2012, 2015 ஆகிய ஆண்டுகளில் வந்தபோதும் உறங்கிக்கொண்டிருந்தேன்.

நேரத்தைப் பற்றி எங்களுக்குக் கற்பிக்க அதிகம் தேவையில்லை. 1996ஆம் ஆண்டு மே மாதம், நீர்த்தேக்கங்கள் வற்றி மின்சாரம் போதாமற்போனபோது, அரசாங்கம் ஒரே இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி திருப்பித் தந்தது. மீதி அரை மணியை 2006 ஏப்ரலில், பத்தாண்டுகள் வைத்திருந்துவிட்டு, வட்டியில்லாமல் திருப்பித் தந்தது. முதற் சில மாதங்களில் சூரியன் எங்கள் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஒரு மணி பத்து நிமிடம் காட்டியது. வடக்கிலும் கிழக்கிலும் சில பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்ததால், எந்த அழைப்பிலும் “பழைய நேரமா, புதிய நேரமா?” என்று கேட்டுத் தெளிந்த பிறகே பேச்சைத் தொடர முடிந்தது. இராகுகாலமும் சேர்ந்து நகருமா என்று எங்கள் மாடியில் பெரும் விவாதம் நடந்தது. சூரிய உதயத்திலிருந்து கணிக்கப்படுகின்ற இராகுகாலத்துக்கு அரசாங்க வர்த்தமானியை வாசிக்கும் வழக்கம் இல்லை என்று நான் சொன்னேன். திங்கட்கிழமை ஏழரை என்று பாட்டியிடம் மனப்பாடம் செய்தவர்கள் அதை ஏற்கவில்லை. நீங்கள் 1997, 1999, 2006 ஆகிய ஆண்டுகளில் தந்த மேலதிக செக்கன்கள் அந்தப் பத்தாண்டுகளுக்குள் வந்ததால் கொழும்பில் அவை ஐந்தரைக்கன்றி ஆறு மணிக்கு வந்திறங்கின. அப்போதும் நான் உறங்கியே இருந்தேன் என்பதைக் குறிப்பிடுவது என் கடமை.

ஆகவே 2022 நவம்பரில் நிறைகள் அளவைகள் பற்றிய பொது மாநாடு, இந்த 0.9 செக்கன் எல்லையை 2035ஆம் ஆண்டுக்குள் தளர்த்துவதென்று தீர்மானித்ததை நான் எதிர்க்கவில்லை. கணினி வலையமைப்புகள் 60 என்ற செக்கனைக் கண்டு தடுமாறுகின்றன என்ற நியாயம் எனக்கு விளங்குகிறது. ஒரு நூற்றாண்டில் கூடப்போவது ஏறத்தாழ ஒரு நிமிட வேறுபாடு. கொழும்பில் இப்போதே சராசரி நண்பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு வருகிறது. மட்டக்களப்பில் எங்களுக்கு ஏழு நிமிடம் முன்னரே வந்துவிடுகிறது. இரண்டு ஊராரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஒரே நேரத்தில் சாப்பிடுகிறார்கள். பத்து நிமிடத்தைப் பொறுத்தவர்கள் பதினொன்றையும் பொறுப்பார்கள். சுத்திச் சுத்திச் சுப்பற்றை கொல்லைக்குள்ளேதான் நிற்போம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

நான் கேட்பது வேறு. 2017க்குப் பிறகு நீங்கள் ஒரு செக்கனும் சேர்க்கவில்லை, ஏனென்றால் பூமி திடீரெனச் சுறுசுறுப்பாகிவிட்டது. 2024 ஜூலை 5ஆம் திகதி இருபத்து நான்கு மணி நேரத்தைவிட 1.66 மில்லிசெக்கன் குறைவாகவே நீடித்து, அளந்தவற்றில் மிகக் குறுகிய நாளாகியது. இந்தப் போக்குத் தொடர்ந்தால் வரலாற்றில் முதன்முறையாக ஒரு செக்கனைக் கழிக்க வேண்டி வரலாம் என்றும், பனி உருகுவதால் அது 2029ஆம் ஆண்டளவுக்குத் தள்ளிப்போயிருக்கிறது என்றும் 2024இல் ஓர் அமெரிக்க ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார். அப்படிக் கழித்தால், கொழும்பில் 5:29:58க்கு அடுத்து 5:30:00 வந்துவிடும். தந்தபோது 27 தடவைகளும் என்னைக் கேளாமல் தந்தீர்கள். எடுக்கும்போதும் என் விடியற்காலைத் தூக்கத்திலிருந்தே எடுக்கப்போகிறீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சேர்ப்பதோ கழிப்பதோ, அந்தக் கடைசி ஒன்று எது என்பதை, வழக்கம்போல ஆறு மாதம் முன்னதாக வெளியிடும் உங்கள் அறிக்கையில் “இதுவே கடைசி” என்ற இரண்டு சொற்களுடன் அறிவியுங்கள். தமிழில் மொழிபெயர்ப்பவர் யாராக இருந்தாலும் அதை விநாடி என்று எழுதாமல், எங்கள் பாடநூல்களில் உள்ளபடி செக்கன் என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் பஞ்சாங்கத்தில் ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு அறுபது விநாடி. அந்தக் கணக்கில் ஒரு விநாடி என்பது இருபத்து நான்கு செக்கன். அவ்வளவையும் எங்கள் மனைவிமார் உங்களிடம் கேட்டுப் பெற்றுவிடுவார்கள்.

அறிவித்தல் கிடைத்தால் அன்று ஐந்து மணிக்கே அலாரம் வைத்து எழும்பி, பிளேன்டீ ஊற்றிக்கொண்டு, பேத்தியையும் எழுப்பி, செக்கன் காட்டும் கடிகாரமொன்றுடன் கடல் தெரியும் பல்கணியில் உட்காருவேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தை அதற்காக வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.